மூட்டையின் வாயில் ஒரு பிடி

விழுப்புரத்து டாக்டர் கட்டத்தாளில் போட்ட கோட்டை நம்பினால், இதை எழுதுகிற ஆள் செத்து மூன்று மல்லாட்டை அறுவடை ஆகிறது. டாக்டர் நல்லவர். ஸ்கேல் வைத்து நேராகத்தான் கோடு போட்டார். கோணலாக இருந்தது நான். சர்க்கரை வியாதியும் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து வந்தவர்கள் என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். முதலாவதற்காவது மருந்து இருக்கிறது. இரண்டாவதற்கு இதைப் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் சாமிக்கண்ணு. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் மாதிரி பார்க்கிற வேலை; வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். வண்டியிலிருந்து இறங்கும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பேன், உடைப்பேன், மெல்லுவேன். பருப்பு எவ்வளவு தேறும், எண்ணெய் எவ்வளவு காணும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் ஏலம். பார்க்கிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: மூட்டையின் வாயை நம்பக்கூடாது. கொண்டுவருகிறவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் திரண்ட காய்களைப் பொறுக்கி மேலே பரப்பித்தான் வாயைத் தைப்பார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அது மாதிரி. ஆகவே அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று பிடி எடுத்துத் துணியில் கொட்டிக் கலந்து பார்த்துதான் மதிப்புச் சொல்வேன். இருபது வருடத்தில் என்னை ஏமாற்றிய மூட்டை கிடையாது. என்னை ஏமாற்றிய ஆள் ஒருவன் உண்டு. அவன் பின்னால் வருவான்.

நயா பைசா வந்த மறுவருடம் இளைக்க ஆரம்பித்தேன். மண்டித் தராசில் இரண்டு மூட்டைக்கு நடுவே நானும் ஏறி நிற்பது வழக்கம். மாதாமாதம் முள் இறங்கியது. எடை போடுகிற ஆறுமுகம், “அண்ணே, பார்வைக்குக் காயி பெருசாத்தான் கீது. உள்ள பருப்பு இல்ல” என்றான். அவன் போட்ட மதிப்பு தப்பவில்லை. அடங்காத தாகம். குடித்ததெல்லாம் உடனே வெளியே போக வேண்டும். ஒருநாள் ஏலத்தின் நடுவே நான்கு தடவை எழுந்து ஓடினேன். எனக்கு ஏதோ ரகசியத் தந்தி வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து வெளியூர் வியாபாரிகள் விலையை ஏற்றிக் கேட்டார்கள். முதலாளிக்கு என் வியாதியால் லாபம் வந்தது அந்த ஒருநாள்தான்.

என் மனைவி அஞ்சலை என்னை ரயிலேற்றி விழுப்புரத்துக்கு இழுத்துப் போனாள். ரயிலடிக்குக் கொஞ்ச தூரத்தில் பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் யுத்த காலத்தில் பட்டாளத்தோடு பர்மா எல்லை வரை போய் வந்தவர். மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது.

அங்கே இரண்டு சோதனை. முதலாவது சர்க்கரைக்கு. ஒரு நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சுவார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் செங்கல் நிறம். எனக்குச் செங்கல். ஒரு சூளையே வைத்திருக்கலாம்.

இரண்டாவது சோதனைக்கு நீல மருந்து வேண்டாம். வெறும் மூத்திரத்தைக் குழாயில் காய்ச்சி ஒரு சொட்டுப் புளிப்புத் திராவகம் விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தெளிவாக நின்றால் நல்லது. கலங்கினால் ஆல்புமின் என்கிற சத்து வெளியே போகிறது என்று அர்த்தம். முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிறதே, அந்த ஜாதி.

என் வேலை என்ன என்று கேட்டுக்கொண்டு டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “மண்டியில சலிக்கிறீங்களே, மண்ணு கீழ விழணும், பருப்பு மேல நிக்கணும். சிறுநீரகமும் ஒரு சல்லடைதான். சர்க்கரை வருஷக்கணக்கா அதை அரிச்சுக்கிட்டே இருக்கும். ஓட்டை பெருசாச்சுன்னா பருப்பும் கீழ விழ ஆரம்பிக்கும். அதைத்தான் இந்தக் குழாயில பார்க்கிறோம்.”

“நம்ம சல்லடை எப்பிடிங்க கீது?”

“லேசா பனி மூட்டம். நாலு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. எவ்வளவு வேகமா போகுதுன்னு பார்த்தாதான் மேல சொல்ல முடியும்.”

அரிசி வேண்டாம், வெல்லம் வேண்டாம், கேப்பைக் களியும் கீரையும் சாப்பிடு என்று அனுப்பினார். களியைச் சாப்பிட்டேன். மண்டியில் வெல்லம் தொட்டுக்கொண்டு வறுத்த மல்லாட்டையும் சாப்பிட்டேன். மாதிரி பார்ப்பது என் தொழில் அல்லவா? இரண்டாவது தடவை போனபோது சர்க்கரைக் குழாய் மறுபடியும் செங்கல். காய்ச்சிய குழாயில் பனி மூட்டம் போய் மேகம். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலை சொன்னாள்.

“யோவ், ஒரு கட்டி வெல்லத்துக்கு உசுர விக்கிறியே, உனுக்கு நாக்கா அது, சந்தைக்கடையா? களி கிண்டிக் கிண்டி எங் கை காப்புக் காச்சிப் போச்சு. நீ அங்க போயி வெல்லத்த மொக்கிக்கினு வர்ற!”

விழுப்புரத்தில் ரயில் கிளம்பும்போது ஆரம்பித்தாள். முண்டியம்பாக்கத்தில் ரயில் நின்றது, விக்கிரவாண்டியில் நின்றது, மயிலத்தில் நின்றது. அவள் நிற்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் திண்டிவனத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, “வெல்லத்த வுட்டுடுங்கய்யா” என்று கெஞ்சினார்.

மூன்றாவது தடவை நெருங்கியபோது என் தொழில் புத்தி வேலை செய்தது. மூட்டையின் வாயைக் கொஞ்சம் அலங்கரித்தால் என்ன? இரண்டு நாள் முன்பிருந்தே சோறு களி எதுவும் இல்லை. மோரும் வெள்ளரிப் பிஞ்சும்தான். அது போதாது என்று தோன்றியது. மண்டியில் யாரோ சொல்லியிருந்தார்கள், வேர்க்க வேர்க்க உழைத்தால் சர்க்கரை எரிந்துவிடும் என்று. அஞ்சலையிடம், “மண்டி வேலை ஒண்ணு கீது, நான் முன்ன ரயிலுக்குப் போறேன், நீ அடுத்ததுல வா” என்று சொல்லிவிட்டு மண்டிச் சைக்கிளை எடுத்தேன். இருபத்துமூன்று மைல். பங்குனி வெயில். வயிற்றில் மோர்.

அந்தப் பயணத்தை ஒரு வீரச் செயலாக எழுத ஆசைதான். உண்மையில் விக்கிரவாண்டி வரைக்கும் ஒரு கரும்பு வண்டிக்குப் பின்னாலேயே போனேன். மாடுகள் என்னைவிட வேகமாகப் போயின. கரும்பு என் மூக்குக்கு எதிரே ஆடிக்கொண்டே போயிற்று. இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும் என்று கடைசி இரண்டு மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ரயிலடிச் சைக்கிள் கடையில் அதைச் சாய்த்துவிட்டு, குழாயடியில் முகம் கழுவி, ரயிலிலிருந்து இறங்கிய கனவான் போல ஆஸ்பத்திரிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அஞ்சலை வந்து, “இன்னா முகமெல்லாம் கருத்துக் கெடக்குது?” என்றாள். ரயில் கரி என்றேன்.

கம்பவுண்டர் குழாயைக் காய்ச்சினார். நீலம்! கோயில் கோபுரத்துச் சாமிக்கு அடிக்கிற நீலம். டாக்டர் மீசை சிரித்தது. நான் அஞ்சலையை ஒரு பார்வை பார்த்தேன். ஏலத்தில் ஜெயித்தவன் பார்வை.

அதற்குள் கம்பவுண்டர் இரண்டாவது குழாயைக் காய்ச்சிவிட்டார். திராவகம் விட்டதும் அது திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றது. அவர் அதை டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் சன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை இருட்டறைக்குள் அழைத்துப் போய் ஒரு சின்ன விளக்கை என் கண்ணுக்குள் அடித்து, மூச்சு என் மூச்சில் படுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

“கண்ணுக்குள்ள சின்னச் சின்ன ரத்தப் புள்ளி இருக்கு” என்றார். “சிறுநீரகத்துக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது. கண்ணுதான் அதுக்கு ஜன்னல். இங்க புள்ளி இருந்தா அங்கயும் சேதம் இருக்கும்னு அர்த்தம்.” ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. கால் வீங்கியிருந்தது. கட்டிலில் சேர்த்துவிட்டார்கள்.

நான்காம் கட்டில். ஆஸ்பத்திரிச் சாப்பாடு உள்ளே போனதும் மறுநாளே என் நீலம் செங்கலாகிவிட்டது. இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். கண்ணாடிச் சிரிஞ்சு, கொதிநீரில் போட்டு எடுக்கிற ஊசி. வீட்டில் அஞ்சலைதான் போட வேண்டும் என்பதால் கம்பவுண்டர் அவளுக்குக் கத்திரிக்காயில் குத்திப் பழக்கினார். “கத்திரிக்கா சும்மா இருக்குது, இது கத்துமே” என்று என்னைக் காட்டிக் கேட்டாள். சாப்பாட்டில் உப்பு கிடையாது. உப்பில்லாத கஞ்சியைப் பற்றி எழுதத் தமிழில் வார்த்தை இல்லை. இருந்தால் அதிலும் உப்பு இருக்காது.

பக்கத்துக் கட்டில் ஏகாம்பரம், பனமலைக்காரர். அவருக்கும் சர்க்கரை. காலில் ஆறாத புண். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டாம் நாள் டாக்டர் அஞ்சலையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மாலை ரயிலில் மெட்ராஸ் போனார், ஐந்து நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு. அதுவரை சர்க்கரையை மட்டும் பார்த்து ஊசி போடு என்று கம்பவுண்டருக்கு உத்தரவு.

மூன்றாம் நாள் காலையில் அஞ்சலை கஞ்சி கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தள்ளினேன். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள், “ஏங்க, கொஞ்சமா குடிங்க” என்றாள்.

ஏங்க! கல்யாணமான நான்காம் நாளோடு போன வார்த்தை அது. சோதித்துப் பார்க்க நினைத்து, “எனக்கு ஜிலேபி வேணும்” என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டபடி, “கம்பவுண்டருக்குத் தெரியாம ஒண்ணே ஒண்ணு வாங்கியாறட்டா?” என்றாள்.

கண்ணில் ரத்தப் புள்ளி என்றபோது எனக்குப் பயம் வரவில்லை. இப்போது வந்தது.

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணுஞ் சொல்லல.”

“அஞ்சல.”

“ஒண்ணுஞ் சொல்லலைன்றேன்ல?”

“ஒண்ணுஞ் சொல்லலைன்னா என்ன திட்டு பாப்போம்.”

அவள் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னாள்: “மூணு தடவ பாத்ததையும் தாள்ல புள்ளி வெச்சிக் கோடு போட்டாராம். கோடு நெட்டுக்குத்தா ஏறுதாம். இந்த வேகத்துல போனா ரெண்டு மல்லாட்ட அறுப்பு தாண்டாதாம். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு.”

அன்று முழுக்க நான் ஜோக்கு அடிக்கவில்லை. கம்பவுண்டர் காய்ச்சல் என்று நினைத்துத் தெர்மாமீட்டர் வைத்தார். இரண்டு அறுப்பு. பதினாலு வயதில் மகள் ஒருத்தி இருந்தாள். வீட்டுக் கூரை பாதி மாற்றியிருந்தேன். முழுதாக மாற்ற ஒரு அறுப்பு ஆகும். மீதி ஒன்று. ஒற்றை அறுப்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

மறுநாள் மத்தியானம் ஏகாம்பரம் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“இன்னாய்யா மாதிரிக்காரரே, ஊமையாயிட்ட?”

“எனுக்கு வெல சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷம்.”

“எத்தினி பிடி பாத்துச் சொன்னாங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

“ஞாபகம் இல்லியா? நாலு வருஷம் முன்ன எம் மூட்டைங்க வந்துது. மேல பாத்து, நடுவுல பாத்து, அதுவும் பத்தாம அடிவரைக்கும் கெளறி, ‘அடியில ஈரம்’னு வெலய எறக்குன பாவி நீதான? அம்மாந்தூரம் கெளறுனவன், உனுக்கு மட்டும் ஒரு குழாயப் பாத்துட்டு வெல சொன்னா வாய மூடிக்கினு ஒத்துக்குவியா? தூ!”

அந்த ஈரத்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போதும் அவர் மூட்டையில் அடியில் ஈரம்தான் என்று சாதிப்பேன். ஆனால் எந்த மருந்தும் செய்யாததை அந்தத் ‘தூ’ செய்தது. எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் வருவதற்குள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஏலக்காரன் போல உரக்கச் சொல்லிப் பழகினேன்.

டாக்டர் வந்தார். கட்டில் அருகே நின்றதும் ஆரம்பித்தேன். “ஐயா, நான் சின்ன ஆளு. ஆனா இருபது வருஷமா மாதிரி பாக்குறவன். மேல ஒரு பிடி அள்ளிட்டு மொத்த மூட்டைக்கும் வெல சொல்றவன மண்டியில சேக்க மாட்டாங்க. மொத ரெண்டு குழாயும் மெதுவா ஏறுது, மூணாவது மட்டும் வானத்துக்குப் போவுது. இது எனுக்கு சரியாப் படல. அடியில ஒரு பிடி, நடுவுல ஒரு பிடி எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க. அதுவரைக்கும் ரெண்டு வருஷத்த நான் ஒத்துக்க மாட்டேன்!”

ஏகாம்பரம் தலையணையில் கைதட்டினார். டாக்டர் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க சொல்றது நியாயம்” என்றார். “எனக்கும் அந்த மூணாவது புள்ளி உறுத்திக்கிட்டே இருந்தது. காய்ச்சல் இருந்தா அன்னிக்கு மட்டும் ஆல்புமின் கொட்டும். உடம்பை முறிச்சு வேலை செஞ்சாலும் கொட்டும். பட்டாளத்துல முப்பது மைல் நடந்து வந்த பசங்களுக்கே பார்த்திருக்கேன். ரெண்டு நாள் படுத்தா தெளிஞ்சிடும். ஆனா உங்களுக்குக் காய்ச்சல் இல்ல. ரயில்லதானே வந்தீங்க?”

நான் கூரையைப் பார்த்தேன். ஒரு பல்லி இருந்தது. அதுவும் என்னைப் பார்த்தது.

“ரயில்லதான் வந்தாரு” என்றாள் அஞ்சலை.

பின்னால் நின்ற கம்பவுண்டர் தொண்டையைக் கனைத்தார். “ஐயா, ரயிலடி சைக்கிள் கடைக்காரரு நேத்து எங்கிட்ட கேட்டாரு. திண்டிவனம் மண்டி பேரு போட்ட சைக்கிளு ஒண்ணு ஒரு வாரமா நிக்குதாம். முகங்கருத்த ஆளு ஒருத்தரு வுட்டுட்டு ஆஸ்பத்திரிப் பக்கமாப் போனாராம்.”

இருபது வருடத்தில் என்னை ஏமாற்றிய ஒரே ஆள் இப்படித்தான் அகப்பட்டான். முழுவதையும் சொன்னேன். மோர், வெள்ளரி, கரும்பு வண்டி, எல்லாம். சர்க்கரையை மறைக்க நான் போட்ட அலங்காரமே என் சாவுக்குத் தேதி வைத்திருந்தது. டாக்டர் கைக்குட்டையை எடுத்து மீசையை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அஞ்சலை எழுந்து நின்றாள். முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

“யோவ்!” என்றாள். “இருவத்திமூணு மைலா? பட்டினியாவா? அஞ்சு நாளா நான் சாமி ரூம்புல கூட வெக்காத வார்த்தையெல்லாம் உனுக்கு வெச்சி ‘ஏங்க’, ‘ஏங்க’ன்னு சொல்லிக்கினு கீறேன், நீ சைக்கிள்ள கரும்புவண்டிய மோந்துக்கினு வந்தியா? ஜிலேபி வேற கேக்குது தொர! டாக்டரய்யா, அந்த ஊசியக் குடுங்க, கத்திரிக்கா வேணாம், இதும் மேலயே பழகிக்கிறேன்!”

எனக்குக் கண்ணீர் வந்தது. பன்னிரண்டு கட்டிலும் சிரித்தது. அதற்கு மேல் நல்ல மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

பிறகு சரியான மாதிரி எடுத்தார்கள். காலையில் முதல் தடவை போவதைக் கொட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் மறுநாள் காலைவரை ஒரு சொட்டு விடாமல் சட்டியில் சேர்க்க வேண்டும். அதிலிருந்து எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் மஞ்சள் மருந்தோடு ஒருநாள் நிறுத்தினால் சத்து அடியில் படியும். எத்தனை கோடு வரை படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மூன்று தடவை செய்தார்கள். ஏகாம்பரம் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்து, “அடியில ஈரம்” என்றார்.

டாக்டர் கட்டத்தாளை என் கட்டிலுக்கே கொண்டுவந்து, மூன்றாவது புள்ளியை ரப்பரால் அழித்துக் கீழே புதிதாக ஒன்று வைத்தார். இரண்டாவது புள்ளிக்கு ஒரு விரற்கடை மேலே. ஸ்கேலை எடுக்கவில்லை.

“வியாதி பொய்யில்ல, சாமிக்கண்ணு. கண்ணுல இருக்கிற புள்ளியும் பொய்யில்ல. சல்லடை கிழிஞ்சுதான் இருக்கு. எவ்வளவு வேகமா கிழியும்னா, எனக்குத் தெரியாது.”

“தெரியாதுங்களா?”

“தெரியாது.”

டாக்டர் வாயிலிருந்து அவ்வளவு இனிப்பான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஆகாத இனிப்பு.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சைக்கிள் ரயிலில் பார்சல் பெட்டியில் வந்தது. இன்சுலின் புட்டியை ஈர மணல் பானையில் புதைத்து வைத்து, தினம் காலையில் அஞ்சலை குத்துகிறாள். கத்துகிறேன். உப்புக்கு இன்றுவரை தடை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை விழுப்புரம். முந்தின நாள் அலங்காரம் கிடையாது; எப்போதும் போலச் சாப்பிட்டு, ரயிலில் உட்கார்ந்து போகிறேன். கட்டத்தாளில் புள்ளிகள் ஏறத்தான் செய்கின்றன. ஆனால் மல்லாட்டை வண்டி மாதிரி ஏறுகின்றன, ரயில் மாதிரி இல்லை. கூரை முழுதாக மாற்றியாகிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஏகாம்பரம் ஒரு கால் விரலை விட்டுவிட்டு ஊருக்குப் போனவர், வருடா வருடம் மூட்டையோடு என்னிடமே வருகிறார். வருடா வருடம் அடியில் ஈரம்தான்.

போன மாதம் போயிருந்தோம். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகும் மண்டித் தராசின் முள் எனக்கு இரண்டாகத் தெரிகிறது. டாக்டர் குழாயைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பிறகு அஞ்சலையை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். அவள் வெளியே வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. டிக்கெட்டை நான் வாங்கினேன். ரயில் கிளம்பியது.

முண்டியம்பாக்கம் வந்தது. அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் நகர்ந்தது. அவள் ‘ஏங்க’ என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது என்று அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். விக்கிரவாண்டி வந்தது. டிக்கெட் பரிசோதகரும் வந்தார். டிக்கெட் எடுக்க அவள் என் சட்டைப் பைக்குள் கையை விட்டாள்.

கையை வெளியே எடுத்தபோது டிக்கெட்டோடு ஒரு பிடி தோலும் வந்தது. உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையின் தோல். அன்று காலையில் ரயிலடியில் வாங்கியது.

அஞ்சலை அந்தத் தோலை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யோவ்!”

மயிலத்தில் ரயில் நின்றது. அவள் நிற்கவில்லை.